மரியப்பன் கண்ணின் மஞ்சளும் சம்பந்தியின் நெஞ்சடைப்பும்

மரியப்பனின் தகப்பனார் மஞ்சள் காமாலையில்தான் போவார் என்று கோட்டையூரில் பலபேர் சொல்லிவந்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஒவ்வொருவருடைய அடக்கத்துக்கும் அவர் நேரில் போய், ஒரு பிடி மண் போட்டு, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டார். தொண்ணூறை நெருங்கிய வயதில் புளியமரம் ஏறி, கிளை ஒடிந்து விழுந்து இறந்தார். பார்க்க வந்தவர்கள் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்கள். "நாங்க அப்பவே சொன்னோம்ல, காமாலைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளையை யாரும் குற்றம் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் கண் மகனுக்கும் வந்தது. எல்லா நாளும் அல்ல. சில நாள் பசும்பால் போல வெள்ளையாக இருக்கும். காய்ச்சல் கண்டாலோ, கண்விழித்தாலோ, சாப்பாடு தப்பினாலோ வெள்ளைவிழியில் மஞ்சள் பூக்கும். உடம்பில் வேறு ஒரு குறையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்ணைப் பார்த்துப் பயந்து அடிக்கடி வீட்டுக்கு அனுப்பினார். கணக்குப் பாடத்தில் தான் கடைசிவரை முன்னேறாததற்கு இதுவே காரணம் என்று மரியப்பன் சொல்வதுண்டு.

ஆனாலும் கண்டக்டர் வேலைக்கு உடல் தகுதி பார்த்தபோது அவர் கண் வெள்ளையாகவே இருந்தது. வேலை கிடைக்கப்போகிற மகன் என்று அம்மா முந்தின நாளிலிருந்து கறிக்குழம்பும் சோறுமாகப் போட்டு நிரப்பியிருந்தார். குடும்பத்தார் அந்த வெள்ளையை மாதாவின் அருள் என்று முடிவுசெய்தார்கள். கறிக்குழம்புக்கு அதில் ஒரு பங்கும் கொடுக்கவில்லை. இந்த ஒரு கஞ்சத்தனத்தால் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு மனிதன் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற டவுன் பஸ் வெறும் வாகனம் அல்ல. அது நகரும் ஆஸ்பத்திரி. ஏறுகிற அத்தனை பேரும் வைத்தியர்கள், நோயாளி ஒருவர்தான்.

"கோட்டையூர் ஒண்ணு. என்ன கண்டக்டரே, கண்ணு மஞ்சளாக் கெடக்கு?"

"பொறந்ததுல இருந்தே கெடக்கு. சில்லறையாக் குடுங்க."

"கீழாநெல்லிய மோர்ல அரைச்சுக் குடிச்சீகளா?"

"குடிச்சாச்சு. உள்ள போங்க."

"எருமை மோரா, பசு மோரா?"

"ஏறுற ஆளுக்கு வழி விடுங்கத்தா, உள்ள போங்க."

"அதான் கேக்கல. பசு மோருன்னா எப்படிக் கேக்கும்?"

மோரை மாற்றிப் பார்த்தார். வேரை மாற்றிப் பார்த்தார். அரியக்குடிப் பக்கம் செம்மலை என்று ஒரு வைத்தியர் இருந்தார். காமாலைக்குப் பேர்போனவர். மரியப்பனின் முன்னங்கையில் அவர் இழுத்த சூட்டுத் தழும்புகள் இரண்டு, டிக்கெட் கொடுக்கும்போது எல்லோர் பார்வைக்கும் படும். செம்மலையின் மருந்து பெரிதல்ல, பத்தியம்தான் பெரிது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கறி இல்லை, மீன் இல்லை, புளி இல்லை. வடித்த கஞ்சியைத் தெளியவைத்து மேல் தண்ணீரைக் குடிக்கலாம். கஞ்சிக்கு மஞ்சள் கூடும். கூடினால், "உள்ள இருந்தது வெளிய வருது, நல்ல அறிகுறி" என்பார் செம்மலை. பத்தியத்தை இன்னும் இறுக்குவார். கடைசியில் மரியப்பன் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஒளிந்துபோய் பரோட்டாவும் சால்னாவும் தின்பார். கண் வெளுக்கும். "பாத்தீகளா, என் மருந்து வேலை செஞ்சிருச்சு" என்பார் செம்மலை. பரோட்டா தின்ற விஷயத்தை வெளியே சொல்லமுடியாத மரியப்பன், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு வருவார். இப்படியாக ஒரு வைத்தியரின் புகழ் வளர்ந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில்தான் மஞ்சள் உச்சத்துக்குப் போகும். மரியப்பன் கோவில் காரியத்தில் கறாரானவர், ஒரு உபவாசத்தையும் விடமாட்டார். பெரிய வெள்ளி நெருங்க நெருங்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் கண்கள் பழுத்த எலுமிச்சை நிறத்தில் தெரியும். கோவிலில் பாதிப்பேர் அதை வியாதி என்றார்கள். பாதிப்பேர் பக்தி என்றார்கள். பங்குச்சாமியார் இரண்டாவது கட்சி. "தவம் உடம்புல தெரியணும். நம்ம மரியப்பனைப் பாருங்க" என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியப்பனுக்குப் பசியில் காது அடைத்திருந்ததால் தன் பெருமையை அவரே கேட்கமுடியாமல் போயிற்று.

ஆனால் அவர் மனைவி யூஜினியா அந்தப் பிரசங்கத்தின்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மெர்சியின் கண்ணில், ஒருநாள் உபவாசத்துக்கே லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. இது வீட்டைத் தாண்டாத ரகசியம். யாராவது கேட்டால் கண்விழித்துப் பரீட்சைத் தாள் திருத்தினாள் என்று சொல்ல ஏற்பாடு. மெர்சி நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே பரீட்சைத்தாள் என்பது ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டுவது. அதைத் திருத்தக் கண்விழிக்க வேண்டியதில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

1998-ஆம் வருடத் தவக்காலத் தொடக்கத்தில் மெர்சிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அருண் ஜோசப், சிவகங்கையில் வங்கி குமாஸ்தா. மெர்சியை ஏதோ திருவிழாவில் பார்த்திருக்கிறான், பிடித்திருக்கிறது. அவளும் அவனைப் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அந்த வாரம் மட்டும் ஆப்பிளுக்குப் பச்சை வண்ணம் தீட்டிய பிள்ளைகளுக்கும் முழு மதிப்பெண் போட்டாள். தவக்காலத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது என்பதால், ஈஸ்டர் கழிந்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த வரன் குதிரவேண்டும் என்று மரியப்பன் ஒரு நேர்த்தி வைத்தார். நாற்பது நாளும் ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாடு. மகள் கல்யாணம் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை அவருடைய எதிரிகூட யோசித்திருக்கமாட்டான்.

ஈஸ்டர் அன்று கண்ணாடியைப் பார்த்த யூஜினியா அலறினார். கண்ணாடியில் தெரிந்தது புருஷனின் முகம்.

"ஏங்க, என்னங்க இது, மஞ்சக்கெழங்கு ஒரைச்சு ஊத்துன மாதிரி! அடுத்த ஞாயித்துக்கிழமை அவுக வாராக. இந்தக் கண்ணோடயா முன்னால போயி நிப்பீக?"

"கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன்."

"ஆமா, குருட்டுச் சம்பந்தின்னு சந்தோசப்படுவாக. கெளம்புங்க அரியக்குடிக்கு!"

செம்மலை பார்த்தார். இவ்வளவு நல்ல மஞ்சளைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று ஒரு கலைஞனைப்போல் ரசித்தார். ஈஸ்டருக்கு என்று ஆக்கிவைத்த கறியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, கஞ்சித் தெளிவுக்கு மேல் எதுவும் இல்லை என்றார். பண்டிகை நாளில் ஊரே கறி தின்ன, ஒருசந்தியிலிருந்து மரியப்பன் நேராகப் பத்தியத்துக்கு மாற்றப்பட்டார். இடையில் அவருக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜோசப் ராஜ், தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் மதுரையில் நெஞ்சைத் திறந்து அடைப்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். ஓய்வுக்குப்பின் பலர் தோட்டம் போடுவார்கள், அவர் தன் தழும்பை வளர்த்துவந்தார். உட்கார்ந்ததும் சட்டைப் பித்தான் இரண்டைக் கழற்றி அதைக் காட்டினார். பிறகு மற்றவர்களுடைய உடம்பை விசாரித்தார். வெளிச்சம் படாமல் குனிந்திருந்த மரியப்பனின் முகத்தை மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என்ன கண்ணு இப்படி இருக்கு?"

"பரம்பரைங்க" என்றார் மரியப்பன். பொய் சொல்லத் தெம்பு வேண்டும். அது அன்று அவரிடம் இல்லை.

"பரம்பரையா?" ஜோசப் ராஜின் கை, நெஞ்சுக்குப் போயிற்று. "அப்பப் பொண்ணுக்கு?"

"பொண்ணுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று யூஜினியா முந்திக்கொண்டு, வெள்ளைப் பணியாரத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். காரச்சட்னியின் வாசம் எழுந்தது. அந்தக் கூடத்தில் பணியாரத்தை ஆசையோடு பார்த்தவர் மரியப்பன் ஒருவர்தான். அவர் தொடக்கூடாது. ஜோசப் ராஜ் தொடலாம். அவர் தொடவில்லை. தொற்றிக்கொண்டால்?

"தப்பா நெனைக்காதீக. நான் செத்துப் பொழைச்சவன். இரத்தத்தோட அருமை எனக்குத் தெரியும். நல்ல டாக்டரைப் பாத்து, இது என்னான்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இந்த மாதக் கடைசிக்குள்ள வந்தா பேசலாம். இல்லாட்டி அவனுக்கு வேற எடத்துல இருந்து கேக்குறாக."

அருண் ஜோசப் எதையோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவின் கை மறுபடி நெஞ்சுக்குப் போனது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லா விவாதமும் அப்படித்தான் முடிந்தது. அவன் வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் நின்று மெர்சியைப் பார்த்தான். மெர்சி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பயத்தில் அவளும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.

அவர்கள் போனபின் மெர்சி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "அப்பா கண்ணு சரியாகலேன்னா என் கண்ணை எத்தனை நாளைக்கும்மா மறைப்பீக?" யூஜினியா பணியாரத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் பஸ்ஸில் மரியப்பன் விசில் ஊதினார். சத்தம் வரவில்லை. மூச்சு பத்தவில்லை. டிரைவர் வீரணன் வண்டியை ஓரம்கட்டித் திரும்பினார்.

"அண்ணே, நீங்க ஊதலேன்னா வண்டி நிக்காது. வண்டி நிக்கலேன்னா சனங்க என்னைய அடிப்பாக. இன்னிக்கு டாக்டர்ட்ட வாரீகளா, நான் வேற கண்டக்டரைக் கேக்கட்டுமா?"

மாலையில் யூஜினியாவையும் அழைத்துக்கொண்டு டாக்டர் அனுசுயாவின் கிளினிக்குக்குப் போனார்கள். காரைக்குடியில் அந்த டாக்டருக்குக் கூட்டம் குறைவு. கேட்டவுடன் ஊசி போடமாட்டார், கேள்வி கேட்பார். கேள்வி கேட்கிற டாக்டருக்குத் தொழில் தெரியாது என்பது ஊரின் கருத்து.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சித் தெளிவு."

"நேத்து?"

"அதேதான் டாக்டரம்மா" என்றார் யூஜினியா. "உப்பில்லாம, பாத்துப் பாத்துக் குடுத்தேன்."

"போன வாரம்?"

"பத்தியம்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒருசந்திங்க. நாப்பது நாளு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவர் கடைசியா எப்பத்தாம்மா சாப்பிட்டார்?"

யூஜினியா யோசித்தார். "கிறிஸ்மஸுக்கு நல்லாச் சாப்பிட்டாக."

டாக்டர் ரத்தம் எடுத்தார். பிறகு சீட்டு எழுதவில்லை, வாயால் சொன்னார்: வீட்டுக்குப் போய் மூன்றுவேளை, வயிறு நிறைய, உப்புப் போட்டுச் சாப்பிடவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும், மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும். வைத்திய வரலாற்றில் இப்படி ஒரு கொடுமையான உத்தரவை யூஜினியா கேட்டதில்லை. காமாலைக்காரனுக்குக் கறியா? வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். ஆனால் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே மிளகு சீரகம் வறுத்து அரைத்துக் கோழிக்குழம்பு வைத்தார். மரியப்பன் தலைநிமிராமல் தின்றார். மூன்றாம் நாள் பஸ்ஸில் அவர் ஊதிய விசிலில் வீரணன் பிரேக்கை மிதித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது கண் வெள்ளையாக இருந்தது. டாக்டர் இரண்டு ரத்த முடிவுகளையும் மேசையில் வைத்தார்.

"கல்லீரல் நல்லா இருக்கு. ரத்தத்துல சிவப்பு அணுன்னு இருக்குல்ல, அது வயசாகி உடையும்போது ஒரு மஞ்சள் வரும். எல்லார் உடம்புலயும் வரும். கல்லீரல் அதைப் பக்குவம் பண்ணிப் பித்தத்தோட வெளியே அனுப்பணும். இவருக்குப் பிறவியிலேயே அந்த ஒரு வேலை மட்டும் மெதுவா நடக்குது. பட்டினி போட்டா இன்னும் மெதுவாகும், மஞ்சள் தேங்கும். சாப்பிட்டா நகரும். அவ்வளவுதான்."

கவனிக்காவிட்டால் நகராத ஃபைலைப் பற்றிக் காரைக்குடியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. யூஜினியாவுக்கு உடனே புரிந்தது.

"அப்ப இது காமாலை இல்லையா?"

"நீங்க பயப்படுற காமாலை இல்லை. கில்பர்ட்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது, அவர் பேர்தான் இதுக்கு."

"கில்பர்ட்டா? நம்ம வேதக்காரரா?" யூஜினியாவுக்கு முதல்முறையாக நம்பிக்கை பிறந்தது.

"அது தெரியாதும்மா. ஆனா ஒண்ணு, மஞ்சக் கண்ணு எல்லாமே இப்படித்தான்னு ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க. நிஜக் காமாலையும் இருக்கு, அது ஆளை முடிச்சிடும். ரத்தம் பாக்காம யாரும் முடிவு பண்ணக்கூடாது." பிறகு மரியப்பனின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, "ரத்த அழுத்தம் இருபது வயசுப் பையனுக்கு மாதிரி இருக்கு. அப்பா எப்படிப் போனார்?" என்றார்.

"தொண்ணூறு வயசுல மரம் ஏறி விழுந்தாரு."

டாக்டர் சிரித்தார். "முறுக்குச் சுட்டு டின்ல வச்சா, நாளானாக் காறல் அடிக்குதுல்ல? அதுல இருக்கிற எண்ணெய் காத்துப் பட்டுக் கெடுது. ரத்தக் குழாய்க்குள்ள கொழுப்பும் அப்படித்தான் கெடுது. கெட்டது சுவர்ல படிஞ்சு குழாயை அடைக்குது. இந்த மஞ்சள் இருக்கே, அது அந்தக் காறலைத் தடுக்குதுன்னு சோதனையில பாத்திருக்காங்க. இது ரொம்பக் குறைவா இருக்கிறவங்களுக்கு நெஞ்சடைப்பு கூடுதலா வருதுன்னு நாலஞ்சு வருஷமா எழுதுறாங்க. உறுதியாச் சொல்ல இன்னும் காலம் ஆகும். ஆனா உங்க மஞ்சள் உங்களுக்குக் கெடுதல் பண்ணாது. ஒருவேளை காவலாக்கூட இருக்கலாம்."

ஐம்பது வருடமாக விரட்டி விரட்டி அடித்த ஒன்று, வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறது என்று தெரிந்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? மரியப்பன் தன் முன்னங்கைத் தழும்புகளைப் பார்த்தார். பிறகு, "மத்தியானம் மீன் சாப்பிடலாமாங்க?" என்று கேட்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை வீரணன் கையோடு சிவகங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். ஜோசப் ராஜ் அதை நம்பவில்லை. தாலுகா அலுவலகத்தில் இருந்தவர், எழுதியதை எல்லாம் நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரியும். மதுரையில் தன் நெஞ்சைத் திறந்த டாக்டரிடமே எடுத்துப் போனார். அவர் வாசித்துவிட்டு, வேடிக்கையாக, "இந்த மஞ்சள்ல கொஞ்சம் உங்களுக்கு இருந்திருந்தா, நாம ரெண்டு பேரும் சந்திச்சிருக்கவே வேண்டாம் சார்" என்றாராம். டாக்டர்கள் வேடிக்கை பேசக்கூடாது. கேட்கிறவர்கள் அதை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஜோசப் ராஜ் மகனோடு கோட்டையூரில் வந்து இறங்கினார். கூடத்துக்குள் நுழைந்ததும் பழையபடி மரியப்பனின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் முகம் வாடியது.

"என்ன சம்பந்தி, வெள்ளையா இருக்கு! மஞ்சள் எங்க?"

"சாப்பிட்டேங்க. போயிருச்சு."

"அடடா, எதுக்குச் சாப்பிட்டீக?" ஜோசப் ராஜ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "திரும்ப வருமா?"

"ரெண்டு வேளை விட்டா வந்துரும்."

கொஞ்சம் ஆறுதலடைந்தவர், பணியாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அசல் விஷயத்துக்கு வந்தார். "நான் மறைச்சுப் பேசல. எங்க வம்சத்துல மூணு பேருக்கு நெஞ்சு. எங்க சித்தப்பா நாப்பதுல போனாரு. பேரப்பிள்ளைகளாவது நல்லா இருக்கட்டும். பொண்ணுக்கு மஞ்சள் இருந்தா இப்பவே பூ வச்சிருவோம். இல்லேன்னா..." என்று இழுத்தார். "இருக்கா, இல்லையா?"

யூஜினியா திகைத்துப்போனார். போன தடவை இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது அவர்தான். இருக்கிறது என்றால் பொய் சொன்னவர் ஆவார். இல்லை என்றால் கல்யாணம் நின்றுவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்றினால் மகள் கல்யாணம் போச்சு என்கிற இக்கட்டு உலகத்தில் அதிகம் தாய்மார்களுக்கு வாய்ப்பதில்லை.

உள்ளே இருந்து மெர்சி வந்தாள். கண்ணில் மை இல்லை.

"எனக்கும் இருக்கு மாமா. போன தடவையே இருந்துச்சு. அம்மா பயந்து மறைச்சிட்டாக. பட்டினி கெடந்தா வரும். உங்களுக்கு வேணும்னா ரெண்டு வேளை சாப்பிடாமக் காட்டுறேன்."

"காட்டும்மா, காட்டு!" என்றார் ஜோசப் ராஜ் எழுந்து.

"காட்டுறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோங்க மாமா. இது சொன்னாலும் கேக்காது, மறைச்சாலும் மறையாது. நாளைக்கு உங்க வீட்டுல எனக்கு ஒருவேளை சோறு தப்புனாலும் எங்க அப்பா பாத்ததும் கண்டுபிடிச்சிருவாக. ஊருக்கே தெரியும். இப்படி ஒரு மருமக வேணுமான்னு கேட்டுக்கோங்க."

ஜோசப் ராஜின் கை வழக்கம்போல் நெஞ்சை நோக்கிப் புறப்பட்டது. கையில் பணியாரம் இருந்ததால் பாதிவழியில் நின்றது. அருண் ஜோசப் அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தகப்பனாருக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை முடித்தான். "நானே ஆக்கிப் போட்டுருவேன்ப்பா" என்றான்.

"ஆக்கத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் மெர்சி, எல்லோர் முன்னாலும்.

"வெந்நி வைப்பேன்."

யூஜினியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றே பூ வைத்தார்கள். அடுத்த ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. ஒருசந்தியின் பலன் என்றார் பங்குச்சாமியார். தன் பத்தியத்தின் பலன் என்றார் செம்மலை. கோழிக்குழம்புக்கு இந்தமுறையும் யாரும் பங்கு கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த தவக்காலத்துக்கு மரியப்பன் வேறு நேர்த்தி வைத்தார். சோற்றை விடுவதற்குப் பதில், நாற்பது நாளும் பஸ்ஸில் ஒருவர் சொல்கிற வைத்தியத்தையும் கேட்பதில்லை என்று. முந்தின நேர்த்தியைவிட இது கஷ்டமாக இருந்தது என்கிறார்.

ஜோசப் ராஜ் தனக்கும் மஞ்சள் வரட்டும் என்று கொஞ்சகாலம் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தார். வாயுதான் வந்தது. டாக்டர் திட்டியதும் நிறுத்திக்கொண்டார்.

இப்போதெல்லாம் மரியப்பன் ஓய்வு நாளில் சிவகங்கைக்குப் போகிறார். வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன், மகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து மோவாயைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணைப் பார்ப்பார். அந்த நேரத்தில் ஜோசப் ராஜ் தழும்பையும் மறந்து கதவோரம் கைகட்டி நிற்பார்.

"எப்படி இருக்கு சம்பந்தி?"

மரியப்பன் அவசரப்படமாட்டார். இடது கண்ணைப் பார்ப்பார், வலது கண்ணைப் பார்ப்பார்.

"வெள்ளைதான்" என்பார். அதன்பிறகுதான் அந்த வீட்டில் காப்பி போடுவார்கள்.